தெரினியாவில் நடந்தது என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சைப்ரஸில் ஓர் இளைஞர் கொடிக்கம்பத்தில் ஏறும்போது சுட்டுக் கொல்லப்படும் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்தேன். தியாகி என்கிறார்கள் ஒரு பக்கம், எல்லை மீறி வந்த கலகக்காரர் என்கிறார்கள் இன்னொரு பக்கம். உண்மையில் என்ன நடந்தது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

அது 1996 ஆகஸ்ட் 14-ம் தேதி எடுத்த வீடியோ. இறந்தவர் பெயர் சொலோமோஸ் சொலோமூ, வயது 26. ஆனால் கதை அங்கிருந்து தொடங்கவில்லை, மூன்று நாள் முன்னால் போக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வரி. 1974 ஜூலையில் கிரீஸின் ராணுவ ஆட்சி தூண்டிவிட்டு சைப்ரஸில் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது, ஐந்தே நாளில் துருக்கி ராணுவம் வந்து இறங்கியது, தீவு இரண்டாகப் போனது. தெற்கே கிரேக்க சைப்ரஸ்காரர்கள், வடக்கே துருக்கிய சைப்ரஸ்காரர்கள், நடுவில் சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐ.நா. படை காவல் காக்கும் சூனியப் பிரதேசம். தலைநகர் நிக்கோசியாவுக்குள் சில இடங்களில் அது ஒரு சந்து அகலம்தான், வேறு சில இடங்களில் ஏழு கிலோமீட்டர்.

1996-ல், பிரிவினை நடந்து 22 வருடம் ஆன நேரத்தில், கிரேக்க சைப்ரஸ் மோட்டார் சைக்கிள்காரர்கள் பெர்லினிலிருந்து ஒரு பயணம் கிளம்பினார்கள். பெர்லின் ஒன்றாகிவிட்டது, எங்கள் ஊர் மட்டும் ஏன் இப்படி என்பதுதான் அவர்கள் கேள்வி. வடக்கே துருக்கி ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் கிரீனியா வரை வண்டியில் போவதாகத் திட்டம். ஐ.நா. பொதுச்செயலாளர் பூட்ரோஸ் காலி வேண்டாம் என்றார், தெற்கு அரசும் அழுத்தம் கொடுத்தது, அமைப்பாளர்கள் ஆகஸ்ட் 11-ம் தேதி பயணத்தைக் கைவிட்டார்கள். ஆனால் திரண்டிருந்தவர்களில் பலர் கேட்கவில்லை. தெரினியா என்ற ஊருக்குப் பக்கத்தில் சூனியப் பிரதேசத்துக்குள் இறங்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டம் காத்திருந்தது, 'சாம்பல் ஓநாய்கள்' என்ற துருக்கியத் தீவிர தேசியவாத அமைப்பினர் அதற்கென்றே துருக்கியிலிருந்து வந்திருந்தார்கள். கல்வீச்சு, அடிதடி. தாஸோஸ் ஐசக் என்ற 24 வயது இளைஞர் முள்கம்பியில் சிக்கிக் கீழே விழுந்தார். விழுந்தவரைத் தடியாலும் கல்லாலும் அடித்தே கொன்றார்கள். அவர் மனைவி அப்போது கர்ப்பிணி.

ஐசக்கின் இறுதிச் சடங்கு 14-ம் தேதி. அது முடிந்த கையோடு ஒரு கூட்டம் மறுபடி அதே இடத்துக்குப் போனது. சொலோமூ ஐசக்கின் உறவினர், 1974-க்குப் பின் வடக்குப் பக்கம் போய்விட்ட ஃபமகுஸ்தா என்ற ஊரில் பிறந்து நாலு வயதில் குடும்பத்தோடு ஊரை விட்டு வந்தவர். ஐ.நா. வீரர்கள் தடுத்தும் அவர்கள் பிடியிலிருந்து விலகி ஓடி, துருக்கிக் கொடி பறந்த கம்பத்தில் ஏறத் தொடங்கினார். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. பாதி ஏறும்போதே துருக்கித் தரப்பினர் சுட்டுவிட்டார்கள். அதோடு நிற்காமல் கூட்டத்தின் மீதும் சுட்டார்கள், இரண்டு பிரிட்டிஷ் ஐ.நா. வீரர்களும் காயப்பட்டார்கள்.

இரண்டு தரப்பும் அவரவர் கதையைச் சொல்லும்போது நம்மைப் போல வெளியில் இருப்பவர்கள் யாரை நம்புவது?
- ஒரு வாசகர், மதுரை

இரண்டு தரப்பையும் தள்ளிவைத்துவிட்டு மூன்றாவதாக அங்கே நின்றவர்களைக் கேட்கலாம், ஏனென்றால் இங்கே அப்படி நின்றவர்கள் இருந்தார்கள். ஐ.நா. வீரர்கள் கண்ணால் பார்த்தார்கள், பத்திரிகை கேமராக்கள் படம் எடுத்தன. பல நாடுகளில் இப்படிப்பட்ட சாவுகளுக்கு ஒரு சாட்சிகூடக் கிடைப்பதில்லை, இங்கே எல்லாம் இருந்தும் சச்சரவு ஓயவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

துருக்கித் தரப்பு சொன்னதன் சாரம் இது: ஆர்ப்பாட்டக்காரர்கள் வன்முறையில் இறங்கினார்கள், அவர்களைத் தெற்குப் போலீஸ் தடுத்திருக்க வேண்டும், சூனியப் பிரதேசம் எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட இடம் இல்லை. இதில் பாதி உண்மைதான். கல் வீசினார்கள். உள்ளே நுழைந்தார்கள். ஆனால் கேட்ட கேள்வி அது இல்லையே! முள்கம்பியில் கிடந்தவனை அடித்தது யார், நிராயுதபாணியாகக் கம்பத்தில் ஏறியவனைச் சுட்டது யார் என்பதல்லவா கேள்வி. இரண்டு குடும்பங்களும் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008 ஜூன் 24 அன்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்பும் வந்தன. ஐசக்கை அடித்தவர்களில் வடக்கு நிர்வாகத்தின் போலீஸாரும் இருந்தார்கள், பக்கத்தில் இருந்த துருக்கிப் படையினர் தடுக்க எதுவும் செய்யவில்லை என்று நீதிமன்றம் படங்களையும் ஐ.நா. சாட்சியத்தையும் வைத்துச் சொன்னது. சொலோமூவைச் சுட்டதற்கு எந்த நியாயமும் இல்லை என்றது. எங்கள் அதிகார எல்லை இல்லை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. உங்கள் ஆட்கள் செய்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு, அது யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தாலும் சரி. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தத் தீர்ப்புகளை நான் மிகவும் மதிக்கிறேன். இல்லாவிட்டால் அந்த 180 கிலோமீட்டரும் யாரை வேண்டுமானாலும் கொன்று போடலாம் என்ற இடமாகிவிடும்.

அப்படியானால் தெற்குத் தரப்பு மீது தவறே இல்லையா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

இருக்கிறது. 1996 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை போட்ட 1092-ம் தீர்மானத்தைப் பாருங்கள். துருக்கி, துருக்கிய சைப்ரஸ் தரப்பு தேவையில்லாமல், அளவுக்கு மீறி பலத்தைப் பயன்படுத்தியது என்று கண்டித்த அதே மூச்சில், சைப்ரஸ் போலீஸ் பெரும்பாலும் கைகட்டி நின்றதையும் கண்டித்திருக்கிறது. கோபத்தோடு போகும் இளைஞர்களை, மூன்று நாள் முன்னால்தான் ஒருவர் செத்த இடத்துக்கு, தடுக்காமல் விட்டது சாதாரணத் தவறில்லை. ஆனால் தடுக்காமல் விட்டதும் கொன்றதும் ஒரே தராசில் வைக்கும் எடை இல்லை.

துருக்கிய சைப்ரஸ்காரர்கள் யாரும் சாகவில்லையா? அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?
- ஒரு வாசகி, கோவை

நல்ல கேள்வி, இதைக் கேட்டே ஆக வேண்டும். அதே 1996 செப்டம்பர் 8-ம் தேதி வடக்குப் பக்கக் காவல் வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தெற்கு அரசு தனக்குச் சம்பந்தமில்லை என்று மறுத்தது. அவருக்காகத் தெற்கே ஊர்வலம் போனவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை, ஆனால் அவர் வீட்டிலும் அழுதிருப்பார்கள். இன்னும் பின்னால் போனால் 1963-64 கலவரங்களில் துருக்கிய சைப்ரஸ்காரர்கள் ஏராளமாகச் செத்தார்கள், கிராமம் கிராமமாக இடம்பெயர்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேட இரு தரப்பும் ஐ.நா.வும் சேர்ந்து அமைத்த குழுவின் பட்டியலில் மொத்தம் 2002 பேர், அதில் 1510 பேர் கிரேக்க சைப்ரஸ்காரர்கள், 492 பேர் துருக்கிய சைப்ரஸ்காரர்கள். அந்தக் குழுவில் இரு பக்க விஞ்ஞானிகளும் சேர்ந்தே எலும்புகளைத் தோண்டி எடுத்து, மரபணு சோதனை செய்து, அடையாளம் கண்டு குடும்பத்திடம் கொடுக்கிறார்கள். யார் கொன்றது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அந்தக் குழுவுக்குக் கிடையாது.

இதில் இந்தியாவுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?
- ஒரு மாணவர், திருச்சி

உண்டு. அந்த ஐ.நா. படைக்கு 1964-ல் முதல் தளபதியே இந்தியர்தான், ஜெனரல் கியானி. அவருக்குப் பின் வந்த ஜெனரல் திம்மய்யா 1965-ல் சைப்ரஸிலேயே, பதவியில் இருக்கும்போதே காலமானார். 1974 போரின்போது தளபதியாக இருந்தவரும் ஓர் இந்தியர், ஜெனரல் பிரேம் சந்த்.

ஐசக், சொலோமூ இருவரின் சாவுக்கும் யாராவது தண்டிக்கப்பட்டார்களா?
- ஒரு வாசகர், சேலம்

இல்லை. சைப்ரஸ் அரசு படங்களை வைத்து ஆட்களை அடையாளம் கண்டு பிடிவாரண்ட் பிறப்பித்தது. சொலோமூ வழக்கில் அப்படித் தேடப்பட்டவர்களில் வடக்கு நிர்வாகத்தில் அமைச்சராக இருந்த ஒருவரும் உண்டு. ஒருவரும் நீதிமன்றக் கூண்டில் ஏறவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு நாட்டைத்தான் பொறுப்பாக்கும், தனி ஆளைச் சிறைக்கு அனுப்ப அதற்கு அதிகாரம் இல்லை. குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது, துருக்கி முறையான விசாரணை நடத்தவில்லை என்பதையும் தனியாக ஒரு மீறல் என்று எழுதியது. தெரினியாவில் 2018 நவம்பரில் கடவைப் பாதை திறந்தாயிற்று, பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு ஃபமகுஸ்தாவுக்குப் போய் வரலாம். அந்த விசாரணையை இனிமேலாவது நடத்த வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். படங்கள் இருக்கின்றன, பெயர்கள் இருக்கின்றன, பார்த்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருப்பார்கள்.