பாதையைக் கடக்கச் சொன்னது யார்?

அன்புள்ள ஐயா,

ஓட்டுகிறவரின் தலையைக் காக்கும் ஹாலோ வளையம் வந்த பிறகு ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் சப்பென்று ஆகிவிட்டது. சாகலாம் என்று தெரிந்துதானே ஓட்டுகிறவர்கள் காரில் ஏறுகிறார்கள்? அது அவர்கள் விருப்பம். இதில் இத்தனை கட்டுப்பாடு எதற்கு? அப்புறம் ஒரு வீட்டு விஷயம். ஜோஹன்னஸ்பர்க்கில் படிக்கும் என் மகன் அங்கே கயலாமி பந்தயப் பாதையில் மார்ஷலாக, அதாவது ஓரமாக நின்று கொடி காட்டி விபத்தில் உதவும் ஆளாக, நிற்கப் பேர் கொடுத்திருக்கிறான். சம்பளம் கிடையாது. வயது பத்தொன்பது. அவன் அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறாள். கொடி ஆட்டுவதில் என்ன பெரிய ஆபத்து என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கே. எம்., சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள கே. எம்.,

உங்கள் முதல் கேள்வியில் ஓட்டுகிறவர் மட்டும்தான் இருக்கிறார். இரண்டாவது கேள்வியில் உங்கள் மகன் வந்துவிட்டான். அவனை வைத்துக்கொண்டே முதல் கேள்வியை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அவன் நிற்கப்போகும் அதே கயலாமியில், அவன் வயதில் ஒரு பையன் இறந்திருக்கிறான். பெயர் ஃபிரெடெரிக் யான்சன் வான் வூரன். 1977 மார்ச் 5, தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரி. ஷாடோ அணியின் ஓட்டுநர் ரென்சோ சோர்சி, கோளாறான காரைப் பிட் (அணிகள் கார்களைக் கவனிக்கும் இடம்) சுவருக்கு எதிர்ப்புறம் ஓரமாக நிறுத்தினார். பின்னால் சின்னதாகத் தீப்பிடித்தது. பிட் பக்கமிருந்து இரண்டு மார்ஷல்கள் பாதையின் குறுக்கே ஓடினார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. முதல் ஆள் கடந்துவிட்டார். இரண்டாவதாக ஓடிய ஃபிரெடெரிக்கின் கையில் 18 கிலோ தீயணைப்பு சிலிண்டர்.

அந்த நேர்ப்பாதையில் ஒரு மேடு உண்டு. மேட்டுக்கு அந்தப் பக்கம் வரும் கார், ஓடுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. முதலில் வந்த ஹான்ஸ் ஸ்டுக் எப்படியோ காரை ஒடித்துத் தப்பினார். அவருக்கு ஒட்டிப் பின்னால் வந்த டாம் பிரைஸுக்கு எதிரே ஆள் இருப்பதே தெரிந்திருக்காது. வேகம் மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர். ஒரு நொடிக்கு 75 மீட்டர். பையன் அங்கேயே முடிந்தான். சிலிண்டர் பிரைஸின் தலையில் அடித்து அவரும் இறந்தார். உயிரில்லாத மனிதரைச் சுமந்துகொண்டு அந்தக் கார் நேர்ப்பாதையின் கடைசி வரை ஓடி, இன்னொரு ஓட்டுநரான லாஃபித்தின் காரில் மோதித்தான் நின்றது. பந்தயத்தை நிறுத்தவில்லை. நிக்கி லாடா ஜெயித்தார்.

இறந்த மார்ஷல் யார் என்று உடனே அடையாளம் தெரியவில்லை. எல்லா மார்ஷல்களையும் கூப்பிட்டு, வராதவர் யார் என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிடுகிறது.

பையன் அவசரப்பட்டான் என்று சொல்லிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் ஓட்டுகிறவர்கள் தீக்குத்தான் அதிகம் பயந்தார்கள். 1973-இல் இதே கயலாமியில் எரியும் காரிலிருந்து ரெகசோனியை இன்னொரு ஓட்டுநரான மைக் ஹெயில்வுட் இழுத்துப்போட்டார். அவர் உடையிலேயே தீப்பிடித்தது, அதை அணைத்துவிட்டுத் திரும்பவும் போனார். அதே வருடம் ஹாலந்தில் ரோஜர் வில்லியம்சன் எரிந்து இறந்தபோது, டேவிட் பர்லி தனியாளாகக் காரைப் புரட்டப் பார்த்தார். தீ தாங்கும் உடை இல்லாத மார்ஷல்கள் கிட்டே போக முடியாமல் நின்றார்கள். 1976-இல் லாடா எரிந்து பிழைத்தார். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பத்தொன்பது வயதுப் பையன், தீயைக் கண்டால் ஓடத்தான் செய்வான். அவனுக்குத் தைரியம் இருந்தது. அவனைப் பிடித்து நிறுத்த ஒரு முறை இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

அதனால்தான் "தெரிந்துதானே ஏறுகிறார்கள்" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. மோன்சாவில் 2000-இலும் மெல்போர்னில் 2001-இலும் கழன்று பறந்த சக்கரம் பட்டு இறந்தவர்கள் மார்ஷல்கள். அவர்கள் எந்தக் காரிலும் ஏறவில்லை. ஜப்பானின் சுசூகாவில் 2014-இல், சறுக்கி நின்ற காரை அகற்ற வந்த கிரேன் மீது ஓட்டுநர் பியான்கி மோதினார்; அந்தக் கிரேனைச் சுற்றியும் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். ஆபத்தைக் காட்டும் மஞ்சள் கொடியைப் பார்த்து ஓட்டுகிறவர் தானாக வேகத்தைக் குறைப்பார் என்று நம்பினால் போதாது என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த வருடமே பாதை முழுக்க எல்லாக் கார்களையும் கட்டாயமாக வேகம் குறைக்க வைக்கும் முறை வந்தது. நீங்கள் கட்டுப்பாடு என்று சொல்வதில் பாதி, உங்கள் மகன் மாதிரி ஆட்களுக்காக வந்தது. ஹாலோவைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: 2020-இல் பஹ்ரைனில் ஹாலோ தலையைக் காத்ததால் ஓட்டுநர் குரோஷான் தீக்குள்ளிருந்து ஏறி வந்ததைப் பார்த்த பிறகும் அது சப்பென்று தோன்றினால், நமக்குள் பேச அதிகம் இல்லை.

சரி, மகன் விஷயம். 2019-இல் கயலாமியில் ஒன்பது மணி நேரப் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து மார்ஷல் போஸ்ட்டில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மாவும் ஓர் இளைஞனும். ஒரு கார் சறுக்கி ஜல்லியில் போய் நின்றது. பையன் ஒரு காலைச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டான். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் வரும் கார்கள் மேல், காது ரேடியோவில், இடது கை மட்டும் அவன் இடுப்பு பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தது. நாலைந்து கார்கள் போயின. ரேடியோவில் ஏதோ சொன்னார்கள். கையை விட்டார். அவன் ஓடினான்.

அப்படி ஒருத்தர் உங்கள் மகன் பக்கத்தில் இருப்பாரா என்று முதலில் விசாரியுங்கள். போஸ்ட்டுக்குப் போகும் முன் எத்தனை நாள் பயிற்சி, பாதையில் இறங்கு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, அவன் தீயைப் பார்க்கும்போது வரும் கார்களைப் பார்ப்பது யார், இதையெல்லாம் அவனையே கேட்கச் சொல்லுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் போகட்டும். மழுப்பினால் வேண்டாம், அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவன் அம்மாவின் பயத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவன் நிற்கும் முதல் பந்தயத்துக்கு நீங்கள் இருவரும் டர்பனிலிருந்து வாருங்கள். அவன் போஸ்ட்டுக்கு எதிரே உட்காருங்கள். ஓர் அரை மணி நேரம் கார்களை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருங்கள்.