முன்பக்க ஷாக் அப்சார்பர்: வீட்டில் எது வரை செய்யலாம்?

மழை ஓய்ந்து சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடக்கும் நேரத்தில் முன்பக்க ஷாக் பற்றிய கேள்விகள் குவிந்துவிடுகின்றன. அவற்றில் சிலவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் கார்கள் எல்லாமே முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ளவை. ஷாக்கும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் ஒன்றாகவே இருக்கும். மேல் முனை பாடியிலும் கீழ் முனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலும் பொருத்தப்பட்டிருக்கும். ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ என்று நாம் ஓட்டும் சிறிய கார்கள் அநேகமாக எல்லாம் இந்த வகைதான்.

கேள்வி: ஐயா, என் வேகன் ஆர் 90,000 கி.மீ. ஓடிவிட்டது. முன்பக்க ஷாக் இரண்டும் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நானே எப்படி உறுதி செய்துகொள்வது? (திண்டுக்கல்)

90,000 என்பது சந்தேகப்பட வேண்டிய தூரம்தான். ஆனால் மீட்டரை மட்டும் பார்த்து மாற்றாதீர்கள்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, டார்ச் அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். ஷாக்கின் உடல் காய்ந்த புழுதியோடு இருந்தால் நல்லது. மேல்பகுதியில் மட்டும் லேசாக ஈரம் படர்ந்து புழுதி ஒட்டியிருந்தால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷாக்கின் உள்ளே போய் வரும் தண்டு, அதாவது ராடு, ஏறி இறங்கும்போது கொஞ்சம் எண்ணெய்ப் பூச்சு வெளியே வருவது இயல்பு. கறுத்த எண்ணெய் வழிந்து கீழ் போல்ட் வரை இறங்கியிருந்தால் எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது டயர். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து வட்டமாகத் தடவிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் மேடு, அடுத்த இடத்தில் பள்ளம் என்று மாறி மாறிக் கைக்குத் தட்டுப்படுகிறதா? சக்கரம் சாலையைவிட்டுத் துள்ளித் துள்ளி விழுவதால் வரும் தேய்மானம் அது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

பானெட் மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் பழைய சோதனையும் உண்டு. விட்டதும் ஒருமுறை மேலே வந்து அமர வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆடவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. கையால் அழுத்தும் வேகம் குறைவு, பாதி தேய்ந்த ஷாக் அதைச் சமாளித்துவிடும். பிரேக் போட்டால் முன்பக்கம் சட்டென்று குனிவதும், நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்பைத் தாண்டியதும் கார் படகு மாதிரி ஆடுவதும் நம்பகமான அறிகுறிகள்.

கேள்வி: சின்ன வேகத்தடையில் ஏறினாலே 'டொக் டொக்' என்று சத்தம். எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை. ஷாக் மாற்ற வேண்டுமா சார்? (கடலூர்)

இப்போதைக்கு வேண்டாம். போன ஷாக் பெரும்பாலும் ஆட்டத்தில்தான் தெரியும். உங்கள் சத்தத்துக்கு முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் கார் சாயாமல் தடுக்கும் கம்பி) லிங்க் ராடு, அடுத்து நக்கிளின் அடியைப் பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், பிறகு அதன் நுனியில் உள்ள பால் ஜாயின்ட். லிங்க் ராடைக் கையால் பிடித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் தட்டினாலும் மாற்றிவிடலாம், விலையும் குறைவு. இவையெல்லாம் சரியாக இருந்தால் ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடிக்கும் மேல் மவுண்டைப் பாருங்கள். ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் மவுண்டின் மேல் விரலை வைத்தால் அதன் துடிப்பு விரலிலேயே தெரியும்.

கேள்வி: பைக் வேலை எல்லாம் நானே செய்துகொள்வேன். கார் ஷாக்கையும் வீட்டு வாசலிலேயே மாற்ற ஆசை. எங்கிருந்து தொடங்குவது? (ஈரோடு)

ஆசை நல்லதுதான். இந்த வேலையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றுவது, திரும்ப மாட்டுவது ஒன்று. கழற்றிய ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரித்துப் புது ஷாக்கில் ஏற்றுவது இன்னொன்று. முதல் பகுதியை நீங்கள் தாராளமாகச் செய்யலாம். இரண்டாவதை ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

இடம் சமமான சிமெண்ட் தரையாக இருக்க வேண்டும். மண் தரையும் சரிவும் ஆகாது. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதன் நம்பிக்கையில் காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டு இரண்டு கட்டாயம் வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்டுக்கு ஈடாகாது, பாரம் ஏறினால் திடீரென்று நொறுங்கிவிடும். கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்கப்போட்டு வையுங்கள், அது இன்னொரு காப்பு.

வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கிவிடுங்கள். அப்புறம் முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்குங்கள். ஒன்றை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் ராடு கழற்றவும் வராது, மாட்டவும் வராது. லிங்க் ராடு நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியில் ஆலன் கீயைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

ஸ்ட்ரட்டோடு பிடித்திருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏபிஎஸ் ஒயரையும் முதலில் விடுவியுங்கள். கீழே நக்கிளைப் பிடிக்கும் பெரிய போல்ட் இரண்டு இருக்கும், சிறிய கார்களில் பெரும்பாலும் 17 அல்லது 19 ஸ்பேனர். தொடுவதற்கு முன் ஸ்ட்ரட்டின் விளிம்பு நக்கிளில் எங்கே படிகிறது என்று பெயிண்ட் பேனாவால் கோடு போடுங்கள். போல்ட் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்க் கார்களில் இந்தப் போல்ட்கள் துரு ஏறி அசையாது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்துவிடுங்கள். சுத்தியலால் தட்டி எடுப்பதானால் நட்டை நாலு மரை உள்ளே விட்டு அதன் மேல் தட்டுங்கள், போல்ட் மரை பிழைக்கும்.

போல்ட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதைத் தொங்கவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் விலகவும் கூடும். ஒரு கம்பியால் கட்டி நிறுத்துங்கள். கடைசியாக பானெட்டைத் திறந்து மேல் மவுண்டின் நட்டுகளைக் கழற்றுங்கள். கடைசி நட்டு வரும்போது ஸ்ட்ரட்டைத் தாங்கிப் பிடிக்கக் கீழே இன்னொருவர் வேண்டும்.

நடுவில் ஒரு பெரிய நட்டு தெரியும். ஷாக் ராடின் நட்டு அது. அதைத் தொடவே கூடாது. சில கார்களில் பாடியோடு பிடிக்கும் நட்டும் நடுவிலேயே இருக்கும். உங்கள் காரில் எது எந்த நட்டு என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துத் தெளிவாகும் வரை மேலே கை வைக்காதீர்கள்.

மாட்டும்போது இதே வரிசை, தலைகீழாக. மேல் நட்டுகளை முதலில் தளர்வாக விட்டு, கீழ் போல்ட்களைப் போட்டு, நக்கிளைப் பெயிண்ட் கோட்டுக்கு நகர்த்தி முறுக்குங்கள். நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் பழையதே போடாமல் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். முறுக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். வீல் நட்டுக்குப் பல மாருதி கார்களில் 85 நியூட்டன் மீட்டர், உங்கள் காருக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும். சக்கரம் போடுவதற்கு முன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கேயும் உரசவில்லை, முறுக்கவில்லை என்று பாருங்கள். 50 கி.மீ. ஓட்டியபின் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கி அதையும் நானே செய்துவிடலாமா? (திருச்சி)

வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேகன் ஆர் போன்ற எடை குறைந்த காரிலும் ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் 200 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. ஸ்ட்ரட் கழன்று தரையில் கிடக்கும்போதும் அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது நடுவில் உள்ள அந்த ஒரே நட்டு. கொக்கி சரியாகப் பிடிக்காமல் ஸ்பிரிங் விடுபட்டால் முகத்திலோ கழுத்திலோ அடிக்கும், உயிர் போன சம்பவங்கள் உண்டு.

மலிவான கம்ப்ரஸர்களில் கொக்கிகள் வளைந்த கம்பியின் மேல் வழுக்கி ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடும், ஸ்பிரிங் கோணலாக வளையும். இம்பாக்ட் துப்பாக்கியால் அதன் திருகைச் சுற்றினால் மரையே வெட்டுப்பட்டுவிடும். ஒர்க்ஷாப்பில் தரையில் நிறுத்திய கம்ப்ரஸர் இருக்கும், அரை மணி நேர வேலை. கழற்றிய ஸ்ட்ரட் இரண்டையும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய்க் கூலி கொடுத்து மாற்றி வாருங்கள். பணமும் மிச்சம், வேலையும் உங்களுடையது.

கூடவே நின்று மூன்றைக் கவனியுங்கள். புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க அமுக்கி இழுத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். கடையில் படுத்துக் கிடந்ததில் உள்ளே சேர்ந்த காற்று அப்போதுதான் போகும். ராடைக் குறடால் பிடிக்க விடாதீர்கள். பளபளப்பான அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அது சீலைக் கிழித்துவிடும். ஸ்பிரிங்கின் கீழ் நுனி, தட்டில் உள்ள படியில் போய் முட்டி நிற்க வேண்டும். பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), தூசி உறை, மேல் மவுண்ட், அதன் அடியில் சுற்றும் பேரிங் எல்லாம் இப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: இடது பக்கம் மட்டும்தான் கசிகிறது. அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? (தூத்துக்குடி)

போதாது. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்றால் வளைவிலும் திடீர் பிரேக்கிலும் கார் ஒரே மாதிரி நடக்காது. முன்பக்கம் இரண்டையும் சேர்த்து, ஒரே கம்பெனியில் மாற்றுங்கள். விபத்தில் ஒன்று அடிபட்டு, மற்றது வாங்கிச் சில மாதமே ஆகியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: புதுப்பேட்டையில் பழைய ஷாக் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எண்ணெய் மாற்றி ரீகண்டிஷன் செய்தும் தருகிறார்கள். வாங்கலாமா சார்? (சென்னை)

கதவு, விளக்கு, கண்ணாடி எல்லாம் தாராளமாக அங்கே வாங்குங்கள். ஷாக் வேண்டாம். அது தேய்வதற்கென்றே உள்ள பொருள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கார் ஸ்ட்ரட் பெரும்பாலும் மூடி அடைத்த உருளை. அதை அறுத்து, எண்ணெய் ஊற்றி, மறுபடி வெல்டிங் வைத்தால் உள்ளே இருந்த நைட்ரஜன் அழுத்தம் திரும்ப வராது, வால்வு தேய்மானமும் அப்படியே இருக்கும். ஸ்டீயரிங் திரும்புவதே இந்த உருளையை நம்பித்தான். கம்பெனி உதிரி விலை அதிகம் என்று தோன்றினால் கேப்ரியல், கேஒய்பி, மன்ரோ போன்றவற்றில் உங்கள் காருக்கு உரிய எண்ணைப் பார்த்துப் புதிதாகவே வாங்குங்கள், பில்லோடு.

கேள்வி: ஷாக் மாற்றி 40,000 கி.மீ.க்குள் மறுபடி கசிகிறது. எங்கள் தெருவில் மட்டும் ஆறு வேகத்தடை. அதனாலா? (நாமக்கல்)

முக்கால்வாசிக் காரணம் அதுவாக இருக்கலாம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வட்டமான மேடு. தெருக்களில் இருப்பவை பல, நேரே எழுந்து நேரே இறங்கும் சிமெண்ட் வரப்புகள். இவற்றில் ஏறும்போது பிரேக்கை மிதித்தபடியே ஏறுவது ஷாக்குக்குக் கெடுதல். பிரேக்கில் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், மிச்சமிருக்கும் இடம் போதாமல் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஏறும் நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். போனமுறை தூசி உறையை மாற்றினார்களா என்றும் பாருங்கள். கிழிந்த உறையோடு மாட்டினால் ராடில் ஒட்டும் மணலே சீலைத் தின்றுவிடும்.

கேள்வி: கார் தரை தட்டுகிறது. ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் செருகும் ரப்பர் வளையம் போட்டால் சரியாகுமா? (உடுமலைப்பேட்டை)

உயரும், ஆனால் சரியாகாது. ரப்பர் உட்கார்ந்த இடத்தில் சுருள் வேலை செய்யாது. அதன் பங்கையும் மற்றச் சுருள்கள் சுமக்கும், ஸ்பிரிங் இறுகும். பழைய ஸ்பிரிங்குக்கு அளவெடுத்துச் செய்த ஷாக் இந்தப் புது இறுக்கத்தை அடக்க முடியாமல் சீக்கிரம் ஓயும். முன்பு தட்டாமல் இப்போதுதான் தட்டுகிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து, குறைந்திருந்தால் ஸ்பிரிங்கையே ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: நானே கழற்றி மாட்டிவிட்டேன் ஐயா, ஓட்டம் அருமை. ஆனால் ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலாக நிற்கிறது, நின்ற இடத்தில் திருப்பினால் 'டங்' என்று ஒரு சத்தம். (மதுரை)

கோணல் எதிர்பார்த்ததுதான். கீழ் போல்ட் ஓட்டையில் இருக்கும் சிறு இடைவெளியே கேம்பரையும் (சக்கரத்தின் சாய்வு) டோவையும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாற்றப் போதும். இந்த வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம், தள்ளிப்போட்டால் டயரின் ஓரம் தேயும்.

ஆனால் இப்போதே அலைன்மென்டுக்குப் போகாதீர்கள், முதலில் அந்தச் சத்தம். ஸ்பிரிங் மேல் தட்டோடு சேர்ந்து வழுக்கிச் சுற்றாமல், முறுக்கி முறுக்கித் திடீரென்று விடுபடுவதால் வருவது அது. பேரிங் தலைகீழாக உட்கார்ந்திருக்கலாம், அல்லது ஸ்பிரிங் நுனி படியில் முட்டாமல் தள்ளி நிற்கலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்துச் சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பிரிங்கின் கீழ் நுனியைப் பாருங்கள். படிக்கும் நுனிக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி இருந்தால் அதுதான் காரணம். ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங் ஏற்றிய ஒர்க்ஷாப்பிலேயே கொடுத்துச் சரிசெய்து மாட்டிவிட்டு, அதன்பின் அலைன்மென்ட் பாருங்கள்.