சொந்தமாக வெளியிட்ட மின்னூல் விற்கவில்லை, இணையதளத்துக்கும் ஆள் வருவதில்லை. என்ன செய்யலாம்?

கிண்டிலில் புத்தகம் போட்டு நாலு மாதம் ஆகியும் பத்துப் பிரதிகூடப் போகவில்லை, தளத்துக்கும் நண்பர்களைத் தவிர யாரும் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு வருடம் இதே நிலையில் இருந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு ஆனைமலைப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. 2016 வாக்கில் பொள்ளாச்சி வட்டாரத்துக்கு வெள்ளை ஈ வந்ததிலிருந்து தோப்பில் என்னென்ன செய்து பார்த்தோம், எது கேட்டது, எது கேட்கவில்லை என்பதையெல்லாம் எழுதி மின்னூலாகப் போட்டேன். அட்டையில் பெரிய எழுத்தில் ‘ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ மேலாண்மை’. வாங்க ஆளில்லை. விளம்பரம் செய்து தருகிறோம் என்று வந்த ஒரு நிறுவனத்துக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். லைக் நிறைய வந்தது, புத்தகம் இரண்டு போனது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருநாள் போன் செய்தார். “மாப்ள, அடி ஓலையெல்லாம் கரி பூசுனாட்ட இருக்குதுங்க, ஏதாச்சும் மருந்திருக்குதுங்களா?” நான் யாருக்காக எழுதினேனோ அந்த ஆள் இவர்தான். ஆனால் அவர் வாயில் ரூகோஸும் வரவில்லை, வெள்ளை ஈயும் வரவில்லை. ஈ உட்காருவது ஓலையின் அடிப்பக்கம், அண்ணாந்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அது கழிக்கிற இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. தோப்புக்காரர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கருப்புதான், கூகுளில் தேடுவதும் அதைத்தான்.

அன்றைக்கே என் தளத்தில் ‘தென்னை ஓலை கருப்பாக இருந்தால் என்ன செய்வது’ என்று ஒரு பக்கம் எழுதினேன். சொந்தத் தோப்பில் எடுத்த படங்கள், அப்புறம் முழுப் பதில்: லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சிக் கரைத்து அடித்தால் வெயிலில் காய்ந்து பூசணத்தோடு உரிந்து விழும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளை மரத்தில் கட்டினால் ஈ ஒட்டிக்கொள்ளும், கடும் பூச்சிமருந்து அடித்தால் ஈயைத் தின்று தீர்க்கிற என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து சாகும், அந்தக் குளவிக்கு ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள், எல்லாம். கடைசி வரியில் மட்டும் புத்தகத்தின் இணைப்பு. இலவசமாகவே சொல்லிவிட்டால் யார் வாங்குவார்கள் என்று பயப்படாதீர்கள். இன்றைய சிக்கலுக்கு விடை கிடைத்தவர்தான் வருடம் முழுக்க என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பார், நம் சொல்லை நம்பிக் காசும் கொடுப்பார்.

பக்கம் எழுதியதும் ஆள் வந்து குவியாது, இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள், செலவில்லை. என்ன சொல் அடித்து நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அதில் அப்படியே தெரியும். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அதற்கேற்றபடி பக்கத்தின் முகவரியை மாற்றினேன். அங்கே கிடைக்கிற ஒவ்வொரு கேள்வியும் அடுத்த பக்கத்துக்குத் தலைப்பு.

அமேசான் பக்கமும் இதே கதைதான். தேடுசொல்லுக்கு ஏழு கட்டங்கள் தருகிறார்கள், அவற்றில் வாசகர் பேசுகிற சொல்லைப் போடுங்கள். அட்டையைப் போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், தலைப்பு படிக்க முடியவில்லை என்றால் மாற்றியே ஆக வேண்டும். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால், மின்னூலை அமேசானில் மட்டுமே விற்க ஒப்புக்கொள்கிற ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு அதே மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது, உங்கள் தளத்தில்கூட முழுசாக வைக்கக் கூடாது. அந்த 90 நாளில் 5 நாள் இலவசமாக விடலாம். அந்த நாட்களைச் சும்மா வீணாக்காதீர்கள், உங்கள் வாசகருக்குச் சிக்கல் முற்றுகிற பருவம் பார்த்து விடுங்கள். நான் கோடையில் விட்டேன், ஈ பெருகுவது அப்போதுதான். சொந்தக்காரர்களைப் பிடித்து விமர்சனம் எழுதச் சொல்வது மட்டும் வேண்டாம், அமேசான் விதிப்படியே அது தப்பு.

வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். அதனால் குழு குழுவாக இணைப்பை வீசுவதைவிட, கேள்வி கேட்டுக் கூப்பிட்டவரிடம் “நம்பரைப் பதிஞ்சு வெச்சுக்குங்க, மருந்தடிக்கிற நேரம் வந்தா சொல்றேன்” என்று சொல்லிச் சேர்த்த நூறு பேர் எவ்வளவோ மேல்.

ஊருக்குள்ளும் செய்யலாம். எங்கள் ஊர் உரக்கடையில் அண்ணனிடம் கேட்டு, கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் கருத்த ஓலைப் படமும் க்யூஆர் கோடும் போட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மருந்து வாங்க வருகிறவர்கள் சில்லறைக்கு நிற்கிற நேரத்தில் அதை ஸ்கேன் செய்கிறார்கள். உங்கள் புத்தகம் எதைப் பற்றியது என்று நீங்கள் சொல்லவில்லை. சொன்னீர்கள் என்றால் அதன் வாசகர் எந்தச் சுவருக்கு முன்னால் நிற்பார், என்ன சொல்லில் தேடுவார் என்று சேர்ந்தே யோசிக்கலாம்.