நடக்காத கதைக்கு எதற்குக் காலவரிசை? செய்ய ஆசைப்படுகிறவர் எங்கே கை வைப்பது?

பத்து வருடத்துக்கு மேலாக டிவி தொடர்களுக்கு, கதையில் எது எந்த வருடம் நடக்கிறது என்று காலவரிசை எழுதிவருகிறேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது கோலாலம்பூரில், செந்தூல் பக்கம். பகலில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. என் முதல் காலவரிசையை 555 நோட்டில்தான் எழுதினேன். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அதைத் தெரியும்: மளிகைக் கடைக்காரர் யாருக்கு எவ்வளவு கடன் என்று குறித்துவைக்கும் உள்ளங்கை அகல நோட்டு. பக்கத்துக்கு ஒரு வருடம் என்று ஒதுக்கி, காலத்தில் முன்னும் பின்னும் பயணம் போகும் டாக்டர் என்பவரின் கதையான ‘டாக்டர் ஹூ’ தொடரில் யூனிட் என்கிற ராணுவப் பிரிவு வரும் கதைகளை எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது வாரமே கணக்கு இடித்தது.

எங்கே இடித்தது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இந்த வேலையின் ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது. 1967-இல் ஒளிபரப்பான ஒரு கதை, 1935-இல் இமயமலை மடம் ஒன்றில் நடக்கிறது. அடுத்த வருடம் வந்த கதையில், முந்தையதில் வந்த பேராசிரியர் ஒருவர் கிழவராக வந்து, அதெல்லாம் நடந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்கிறார். அப்படியானால் இது 1975-ஐ ஒட்டி. இந்தக் கதை நடப்பது லண்டன் சுரங்க ரயில் பாதையில். அதே 1968 கடைசியில் வந்த இன்னொரு கதையில் யூனிட்டின் தலைவரான பிரிகேடியர், அந்தச் சுரங்க விவகாரம் முடிந்து நாலு வருடம் இருக்கும் என்கிறார். ஆக 1979. பிறகு 1975-இல் வந்த கதையில் டாக்டரோடு பயணம் போகும் சாரா ஜேன், தான் 1980-ஆம் வருடத்துக்காரி என்கிறாள். இதுவரை எல்லாம் பொருந்திப் போகிறது. அப்புறம் 1983-இல் ஒரு கதை. அதில் பிரிகேடியர் 1976-லேயே ராணுவத்தை விட்டு ஓய்வுபெற்று, 1977-இல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். யூனிட்டில் அவர் தலைமை தாங்கி நடத்திய காரியங்கள் எல்லாம் அவர் ஓய்வுபெற்ற பிறகு நடந்ததாக ஆகிவிடுகிறது.

அன்றைக்கு நான் சாராவின் வசனத்தைப் பேனாவால் அடித்துவிட்டேன். ஒரே ஒரு வரிதானே, எழுதியவர் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நினைத்தேன். பல மாதம் கழித்து அந்த எபிசோடைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். சாராவும் டாக்டரும் 1911-இல் நிற்கிறார்கள். 1911-இல் உலகம் அழியவில்லை என்றுதான் நமக்குத் தெரியுமே, கிளம்பிவிடலாமே என்கிறாள் சாரா. டாக்டர் மறுபேச்சில்லாமல் அவளை 1980-க்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்துவிடுகிறார். வெளியே புயலும் பாழ்நிலமும் மட்டும்தான். தான் திரும்பிப்போக ஒரு வீடே இல்லை என்பதை அவள் அந்த வாசலில் நின்று பார்க்கிறாள். வேண்டுமானால் அந்த எண்ணை எடுத்துவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள், அவள் முகத்துக்கு அர்த்தமே இருக்காது. அதைத்தான் நான் அடித்து வைத்திருந்தேன். ரொம்ப வருத்தப்பட்டேன்.

நோட்டை விட்டு எக்செலுக்கு மாறியது அதற்குப் பிறகுதான். மாறியபோது புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: ‘யார் சொன்னது’. எந்த வருடத்தை எழுதினாலும் எந்த எபிசோடில், எத்தனையாவது நிமிடத்தில், யார் வாயால் வந்தது என்று பக்கத்திலேயே இருக்க வேண்டும். வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் ஒரு வரி ஏற்றுவோமா? அதேதான். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டு வரி. எதையும் அடிப்பதில்லை. 2008-இல் வந்த எபிசோடில் டாக்டரே தான் யூனிட்டில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி, எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று யோசிக்கிறார். அவருக்கும் ஒரு வரி கொடுத்திருக்கிறேன்.

சரி, எங்கே தொடங்குவது? முளை அடித்த தேதி ஒன்றைத் தேடுங்கள். ‘நாலு வருடம் முன்னால்’, ‘போன தலைமுறையில்’ என்று கதையில் வருவதெல்லாம் கயிறு. கட்டுவதற்கு ஒரு முளை வேண்டும். ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடர் 1966-இல் தொடங்கியது, ஆனால் எந்த வருடத்தில் நடக்கிறது என்பதை அந்த முதல் தொடர் உறுதியாகச் சொல்லவே இல்லை. 1988-இல், இரண்டாவது தொடரின் முதல் சீசன் கடைசி எபிசோடில், பழைய காலத்திலிருந்து உறைநிலையில் வந்த ஒருவரிடம் டேட்டா என்ற இயந்திர மனிதர், உங்கள் நாள்காட்டிப்படி இது 2364 என்கிறார். அந்த ஒரு வசனம்தான் முளை. ஒரு சீசனுக்கு ஒரு வருடம் என்று எண்ணிப் போனால் ஏழாவது சீசன் 2370. மைக்கேல் ஒகூடாவும் டெனிஸ் ஒகூடாவும் 1993-இல் இதற்கென்றே ஒரு காலவரிசைப் புத்தகம் போட்டார்கள். முதல் தொடரை, ஒளிபரப்பான வருடத்தோடு 300 கூட்டி வைத்தார்கள். ஊகம்தான், ஆனால் ஊகம் என்று தெரிந்தே செய்த ஊகம். 2001-இல், அதே வரிசையில் பின்னால் வந்த ‘வாயேஜர்’ தொடரின் எபிசோடு ஒன்றில் இச்செப் என்ற பையன் கேப்டன் முன்னால் நின்று பாடம் ஒப்பிப்பதுபோல், முதல் தொடரின் கேப்டனான கர்க்கின் வரலாற்றைச் சொல்வான். ஐந்தாண்டுப் பயணம் 2270-இல் முடிந்தது என்பான். 35 வருடம் கழித்துக் கிடைத்த வவுச்சர்! அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன், உட்கார முடியவில்லை.

ஒளிபரப்பான தேதியை மட்டும் கதையின் தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொடங்குகிற எல்லாரும் தடுமாறுவது இதில்தான்.

கதையில்தான் இந்தக் குளறுபடி என்றும் நினைக்க வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் 1981 டிசம்பர் 31 ராத்திரி 11.30-க்குக் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்து நேரே 1982-க்குப் போனார்கள். அன்றைக்கு இரவு 11.45 என்று ஒரு நேரம் இந்த ஊரில் இருந்ததே இல்லை. 1981-இல் பிறந்த என் பெரியம்மா மகனுக்குக் கணினியில் ஜாதகம் போட்டபோது இப்போதைய நேரக் கணக்கையே எடுத்துக்கொண்டு லக்னம் மாறி வந்தது. ஜாதகக்காரரிடம் நான்தான் சொல்லித் திருத்தினேன். டிவி பார்த்துக் கெட்டுப்போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மா அதற்கப்புறம் அதைச் சொல்வதில்லை.

அம்மாவுக்கும் இது ஒட்டிக்கொண்டுவிட்டது. ராத்திரி அவர் பார்க்கும் குடும்ப சீரியலில் மாமியார் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் தேதி கிழிக்கும் காலண்டர் தொங்கும். ஒரு சண்டை தொடங்கும்போது அதில் 14. அதே ராத்திரி, அதே சண்டை, ஐந்து எபிசோடு தாண்டிப் பார்த்தால் 22. “டேய், நாம இங்க பார்க்கப் பார்க்க அங்க ஒருத்தர் தாள் கிழிச்சுக்கிட்டே இருந்திருக்காங்கடா” என்றார் அம்மா. படப்பிடிப்பு நடந்த நாட்களின் தடயம் அது. மருமகள் எத்தனை மாதம் என்பதை அம்மா இப்போது தனியாகக் கணக்கு வைத்திருக்கிறார். போன வாரத்தோடு பதினாலு.

நடக்காத கதைக்கு எதற்கு என்று கேட்டீர்கள். ஒரு உலகத்தை நேசிக்கிறவனுக்கு அங்கே யார் முன்னால் பிறந்தார்கள், யார் யாரைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும்போல் இருக்கும். எனக்கு அப்படித்தான். பலபேர் பல வருடமாக, ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே எழுதிச் சேர்த்த உலகங்கள் இவை. அந்தத் தையல் எங்கே விட்டிருக்கிறது, யார் வந்து மறுபடி தைத்தார்கள் என்று விரல் வைத்துப் பார்ப்பதில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை.

போன தைப்பூச விடுமுறையில் அதே எக்செலில் புதிதாக ஒரு தாள் திறந்தேன். பாட்டியுடையது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், இப்போது இல்லை. அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1931. ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தபோது எனக்குப் பதிமூணு, அக்காளோடு பெரட்டுக்குப் போய் நிற்பேன் என்பார் பாட்டி. பெரட்டு என்றால் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது. கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது 1942 ஜனவரி 11. அப்படிப் பார்த்தால் 1928. பாட்டியின் தம்பியான சின்னத் தாத்தாவின் பள்ளிக்கூடத் தாளில் அவர் பிறந்தது 1929. அக்கா என்னைவிட ரெண்டு வயசு மூப்பு என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது 1927.

மூன்று வரி எழுதினேன். ‘யார் சொன்னது’ கட்டத்தில், பாட்டி, சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே, என்று எழுதினேன்.