'ஆகவே' எங்கே போகும்?

கேள்வி: மேலாண்மைப் படிப்பில் சேர்வதற்கான ஜிமேட் தேர்வுக்குப் படித்துவருகிறேன். ஒரு பத்தியில் இரண்டு இடங்களைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, 'இவை வாதத்தில் என்ன வேலை செய்கின்றன?' என்று கேட்கும் வினாக்களில்தான் வழுக்குகிறேன். பத்தி நன்றாகவே புரிகிறது. ஐந்து விடைகளில் மூன்றை அடித்தும் விடுகிறேன். மிச்சம் இரண்டில் எப்போதும் தவறானதையே தொடுகிறேன். பள்ளிவரை தமிழ்வழியில் படித்தவள். அதுதான் காரணமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கொஞ்சம் அதுதான். ஆனால் அது குறையல்ல, பழக்கம். 'மழை விடாததால் ஊர்வலத்தைத் தள்ளிவைத்தார்கள்' என்றுதான் நாம் சொல்வோம். காரணம் முன்னால் நடக்கும், முடிவு கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் கட்டுவது சர்வசாதாரணம். என் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் பத்தியின் கடைசி வரியைத்தான் முடிவு என்று நம்பிக் கோடு போடுகிறார்கள். வினா தயாரிப்பவர் முடிவை நடுவில் ஒளித்துவைத்துவிட்டு, கடைசி வரியில் ஒரு சாதாரண ஆதாரத்தை வைத்திருப்பார்.

முடிவை முதலில் வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அனுமானத்தின் உறுப்புகளைச் சொல்லும்போது, 'இம்மலை நெருப்புடைத்து' என்ற பக்கம், அதாவது நிறுவ வேண்டிய முடிவுதான் முதலில் வருகிறது. 'புகையுடைத்து ஆதலால்' என்ற ஏது, அதாவது காரணம், அதற்குப் பின்னால்தான். உதாரணத்துக்கு அடுக்களை.

இரண்டாவது சிக்கல், யார் பேசுகிறார் என்பது. நான் 26 ஆண்டுகள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவள். ஒருமுறை ஒரு கட்சிக்காரர் தீர்ப்பு நகலின் நான்காம் பக்கத்தில், 'சொத்தில் வாதிக்குப் பாதிப் பங்கு உண்டு' என்ற வரியைப் பார்த்துவிட்டு வராந்தாவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன். வரியின் வால் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது: 'என்று வாதி தரப்பில் வாதிடப்பட்டது.' வழக்கு தள்ளுபடி. தேர்வுப் பத்தியிலும் 'சிலர் கருதுவது', 'அதிகாரிகள் கூறுவது' என்று தொடங்கும் வரி பெரும்பாலும் எழுதியவரின் கருத்தாக இராது. பின்னால் அவர் அடிப்பதற்காக நிறுத்திவைத்த பொம்மை.

நானே எழுதிய ஒரு பத்தி இதோ. 'பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் நெரிசல் குறையும் என்கிறது நகராட்சி. அது வீண்செலவு. நெரிசலுக்குக் காரணம் பஸ்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பாதி பஸ்கள்தான் ஓடுகின்றன. அன்றும் கடைவீதி அடைத்துக்கொண்டுதான் கிடக்கிறது.'

'நெரிசல் குறையும்', 'காரணம் பஸ்கள் அல்ல' இரண்டும் தடித்த எழுத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது நகராட்சியின் குரல், வாதம் எதிர்ப்பது. இதில் நீங்கள் தவற மாட்டீர்கள். இரண்டாவதில்தான் கால் இடறும். அதில் எழுதியவரின் குரல் அழுத்தமாக இருக்கிறது, ஆதாரமும் பின்னாலேயே வருகிறது. எனவே 'வாதத்தின் முதன்மை முடிவு' என்ற விடை கையை இழுக்கும்.

அப்போது இரண்டு வரிகளுக்கு நடுவே 'ஆகவே' போட்டுப் பாருங்கள். 'ஞாயிற்றுக்கிழமையும் நெரிசல் இருக்கிறது, ஆகவே காரணம் பஸ்கள் அல்ல': ஒட்டுகிறது. 'காரணம் பஸ்கள் அல்ல, ஆகவே நிலையத்தை மாற்றுவது வீண்செலவு': இதுவும் ஒட்டுகிறது. திருப்பிப் போடுங்கள். 'மாற்றுவது வீண்செலவு, ஆகவே காரணம் பஸ்கள் அல்ல' என்றால் வெறும் உளறல். ஆக, நீங்கள் முதன்மை முடிவு என்று தொட இருந்தது வழியில் இருக்கும் படிக்கட்டு. கீழே ஓர் ஆதாரம் அதைத் தாங்குகிறது, மேலே வேறொன்றை அது தாங்குகிறது. எதையும் தாங்காமல், தான் மட்டும் தாங்கப்பட்டு நிற்பதே முதன்மை முடிவு. இங்கே 'வீண்செலவு.' பத்தியிலேயே மிகச் சிறிய வரி அது, தடித்த எழுத்தில்கூட இல்லை.

உங்களுக்கு மிஞ்சும் அந்த இரண்டு விடைகளையும் அடுத்த முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நேரங்களில் முதல் பாதி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், வம்பு பின்பாதியில் இருக்கும். ஆகவே பின்பாதியை முதலில் படியுங்கள். விடைகளைப் பார்க்கும் முன்பே 'முதலாவது எதிராளி, இரண்டாவது படிக்கட்டு' என்று உங்கள் சொல்லில் எழுதிவைப்பது இன்னும் நல்லது. இப்போதைய ஜிமேட்டில் மொழிப் பகுதிக்கு 45 நிமிடத்தில் 23 வினாக்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் இப்படி எழுத பத்து விநாடி போதும்.

கேள்வி: வங்கித் தேர்வு நூல்களில் 'வாதம் வலுவானதா, வலுவற்றதா?' என்று வருகிறது. அதற்கும் இதே வழிதானா?
- வாசகர், தென்காசி

பதில்: இல்லை. அங்கே நீங்கள் நீதிபதி, எடை போட வேண்டும். 'வெளிநாடுகளில் செய்கிறார்கள், நாமும் செய்யலாம்' என்பது மட்டும் காரணமாக வந்தால் வலுவற்றது என்று தள்ளலாம். மேலே சொன்ன வகையில் நீங்கள் சுருக்கெழுத்தர் மட்டுமே. நகராட்சி சொல்வதுதான் சரி என்று உங்களுக்கு உள்ளூரத் தோன்றினாலும் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டையும் ஒரே மாலையில் பயிற்சி செய்யாதீர்கள். ஒன்றின் புத்தி மற்றதில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: மகன் சட்டப் படிப்பில் சேர்வதற்கான கிளாட் தேர்வு எழுதப்போகிறான். வாதப் பிழைகளின் லத்தீன் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்கிறான். தேவையா?
- வாசகர், ஓசூர்

பதில்: தேவையில்லை. 2020இலிருந்து பத்தியைக் கொடுத்து அதிலிருந்துதான் கேட்கிறார்கள். இப்போது இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். பெயர் தெரிந்து பயனில்லை, வேகமாகப் படிக்கத் தெரிய வேண்டும். தினமும் ஒரு தலையங்கத்தைக் கொடுத்து, முடிவு எந்த வரி என்று மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். நீங்களும் தனியாக ஒரு பிரதியில் போடுங்கள். இரண்டு கோடும் வேறு வேறு இடத்தில் விழும் நாளில் சண்டை போடுங்கள்.