டைமரை ஆன் பண்ணா ரீபூட் ஆகுது சார்! – கெர்னல் கேள்வி பதில்

போன தடவை "சொந்தமா ஓஎஸ் எழுதறவங்க யாராவது இருந்தா கேள்வி அனுப்புங்க"ன்னு சும்மா ஒரு வரி போட்டேன், நாலு பேர் அனுப்புவாங்கன்னு நினைச்சா பெட்டி நிறைஞ்சிடுச்சு. அதுல ஒருத்தர், ஓஎஸ்ஸோட மையப் பகுதியான கெர்னலை, கடிதம் பூரா "கர்னல்"னு எழுதியிருக்கார், படிக்கப் படிக்க மீசை வெச்ச மிலிட்டரிக்காரர்தான் கண்ணு முன்னாடி வந்தார். போகட்டும், கேள்விக்கு வருவோம்.

கேள்வி: ஸ்க்ரீன்ல எழுத்து வருது, ஜிடிடி (மெமரிப் பகுதிகளை சிபியுக்குச் சொல்ற அட்டவணை) போட்டாச்சு, எல்லாம் நல்லாதான் போயிட்டிருந்தது. டைமருக்காக இன்டரப்ட்டை (சிபியுவை நடுவுல நிறுத்திக் கூப்பிடற சிக்னல்) ஆன் பண்ற அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் மெஷின் ரீபூட் ஆகுது, மறுபடி பூட் ஆகுது, மறுபடி ரீபூட். எரர்னு ஒண்ணுமே வரல. ஒரு வாரமா முழிக்கறேன் சார்.

ஒரு வாரம்தானே, பரவால்ல, நான் இதே இடத்துல அதைவிட அதிக நாள் உட்கார்ந்திருக்கேன்.

உங்க கோட் மேல பெரிய தப்பு இல்ல, தப்பு 1981லயே நடந்துபோச்சு. முதல் 32 இன்டரப்ட் நம்பரை இன்டெல் தனக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க, ஆனா ஐபிஎம் பிசி பண்ணவங்க ஹார்ட்வேர் இன்டரப்ட்டைக் கொண்டுபோய் 8ல இருந்து 15 வரைக்கும் வெச்சுட்டாங்க, அன்னிக்கு இருந்த ப்ராசஸருக்கு அது ஒண்ணும் பண்ணல, ஆனா பின்னாடி ப்ரொடெக்டட் மோட் (மெமரிக்குப் பாதுகாப்பு தர்ற சிபியு நிலை) வந்தப்ப 8ங்கறது டபுள் ஃபால்ட்டோட, அதாவது ஒரு ஃபால்ட்டைக் கவனிக்கப் போய் இன்னொண்ணு விழறதோட, நம்பர் ஆயிடுச்சு. ஹார்ட்வேர் இன்டரப்ட்டை சிபியுக்கு அனுப்பற பழைய பிக் சிப் இன்னிக்கும், மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற பயாஸ் வெச்ச அந்தப் பழக்கத்துலயேதான் முழிச்சுக்குது. அதனால உங்க டைமர் முதல் தடவை அடிக்கும்போது சிபியு 8ஆம் நம்பரைத் தேடிப் போகுது, எந்த நம்பருக்கு எந்த கோட் ஓடணும்னு சொல்ற ஐடிடி அட்டவணைல அங்க ஒண்ணும் இல்ல, அதுக்கு ஒரு ஃபால்ட், அதைப் பிடிக்கவும் ஆள் இல்ல, அப்புறம் நிஜமாவே டபுள் ஃபால்ட், அதுக்கும் ஆள் இல்லன்னா ட்ரிபிள் ஃபால்ட், அதோட சிபியு கையை விரிச்சு ரீசெட் ஆயிடும். இவ்வளவும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நடந்து முடிஞ்சிடுது, எரர் மெசேஜ் போட யாருக்கு நேரம்.

பிக்கை ரீமேப் பண்ணி 32ல இருந்து ஆரம்பிக்க வைங்க, சரியாயிடும். சரியானதும் அடுத்து ஒண்ணு வரும், அதையும் இப்பவே சொல்லிடறேன்: டைமர் ஒரே ஒரு தடவை அடிச்சுட்டு கப்சிப்னு ஆயிடும். இன்டரப்ட்டைக் கவனிக்கற கோட், அதாவது ஹேண்ட்லர், முடியும்போது "வேலை முடிஞ்சுது"ன்னு பிக்குக்குச் சொல்லணும், ஹெக்ஸ்ல 20ங்கற போர்ட்ல அதே 20ஐ எழுதணும், அதை மறந்தா அது அடுத்ததை அனுப்பவே அனுப்பாது. கீபோர்டும் இப்படித்தான், ஒரு கீ வேலை செய்யும், ரெண்டாவது செய்யாது.

ஆனா நான் உங்களைத் திட்டணும்னு நினைக்கறது வேற விஷயத்துக்கு. டைமருக்கு முன்னாடியே ஃபால்ட் ஹேண்ட்லர் எழுதியிருக்கணும். நம்ம ஆளுங்க எல்லாரும் ஸ்க்ரீன்ல எழுத்து வந்த உடனே மல்டிடாஸ்கிங், ஃபைல் சிஸ்டம், விண்டோன்னு ஓடறாங்க, கெர்னல் சாகும்போது ஏன் சாகறேன்னு சொல்லிட்டுச் சாகறதுக்கு யாரும் அதுக்குக் கத்துக்கொடுக்கறதில்ல. முதல் 32 எக்ஸெப்ஷனுக்கும் ஹேண்ட்லர் போடுங்க, வந்தா ரிஜிஸ்டர் எல்லாத்தையும் சீரியல் போர்ட்ல கொட்டிட்டு நிக்கட்டும். பேஜ் ஃபால்ட்னா (தொடக்கூடாத மெமரிப் பக்கத்தைத் தொட்டதால வர்றது) சிஆர்2 ரிஜிஸ்டரை மறக்காம பிரிண்ட் பண்ணுங்க, எந்த அட்ரஸைத் தொட்டதால விழுந்ததுங்கறது அதுலதான் இருக்கு. கூடவே வர்ற எரர் கோட்ல கடைசி மூணு பிட்டைப் பார்த்தாலே பாதி கதை தெரிஞ்சிடும்: பேஜ் இருந்துச்சா, படிக்கப் போச்சா எழுதப் போச்சா, கெர்னலா யூசரா. அட்ரஸ் ஜீரோவுக்குப் பக்கத்துல இருந்தா நல் பாயின்டர்னு (எதையும் காட்டாத பாயின்டர்) கண்ணை மூடிட்டுச் சொல்லலாம், ஆனா ஜீரோ பேஜை நீங்க மேப் பண்ணாம விட்டிருந்தாதான் அங்க ஃபால்ட்டே வரும், மேப் பண்ணியிருந்தீங்கன்னா சத்தமில்லாம ஏதோ ஒரு குப்பையைப் படிச்சுட்டுப் போயிட்டே இருக்கும். அதுவரைக்கும் க்யூஎமுவை (மெஷின் மாதிரியே நடிக்கற எமுலேட்டர்) ரீபூட் ஆகாம நிக்கச் சொல்ற ஆப்ஷனும், வர்ற இன்டரப்ட்டை எல்லாம் லாக் பண்ற ஆப்ஷனும் போட்டு ஓட்டுங்க, லாக்ல அந்த 8 பளிச்சுனு தெரியும்.

கேள்வி: என் 64 பிட் கெர்னல்ல ஒரு சின்ன ஃபங்ஷன், அதுல இருக்கற லோக்கல் வேரியபிள் எப்பவாவது தானா மாறுது. சரி பார்ப்போம்னு உள்ள ஒரு பிரிண்ட் போட்டா பிரச்சனையே காணோம்! எடுத்தா திரும்ப வருது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

அடடா, இந்தக் கேள்விக்காகவே பத்தி எழுதலாம். பிரிண்ட் போட்டா சரியாகுதுங்கறதுதான் இங்க துப்பு.

64 பிட்ல யூனிக்ஸ் பக்கம் எல்லாரும் பயன்படுத்தற காலிங் கன்வென்ஷன்ல (ஃபங்ஷனைக் கூப்பிடறதுக்கான ஒப்பந்தம்) ரெட் ஸோன்னு ஒண்ணு இருக்கு. லோக்கல் வேரியபிள் இருக்கற ஸ்டாக்கோட நுனியைக் காட்டற ஸ்டாக் பாயின்டருக்குக் கீழ 128 பைட்டை, பாயின்டரை நகர்த்தாமலே ஒரு ஃபங்ஷன் எடுத்துக்கலாம், ஆனா அது வேற எந்த ஃபங்ஷனையும் கூப்பிடாத ஃபங்ஷனா இருக்கணும். சாதாரண ப்ரோகிராமுக்கு இதுல ஆபத்து இல்ல, ஏன்னா இன்டரப்ட் வந்தா சிபியு கெர்னல் ஸ்டாக்குக்கு மாறிடும். நீங்களோ ஏற்கனவே கெர்னலுக்குள்ளயே இருக்கீங்க, ஸ்டாக் மாறாது, சிபியு பாட்டுக்கு ஸ்டாக் பாயின்டருக்குக் கீழ அஞ்சு ரிஜிஸ்டரை, அதாவது 40 பைட்டைத் தள்ளிடும், நேரா உங்க வேரியபிள் தலைமேல. நீங்க பிரிண்ட் போட்ட உடனே அது இன்னொண்ணைக் கூப்பிடற ஃபங்ஷன் ஆயிடுச்சு, கம்பைலர் ரெட் ஸோனை விட்டுட்டு ஒழுங்கா இடம் ஒதுக்கிடுச்சு, பேய் போயிடுச்சு. கம்பைலர்ல ரெட் ஸோன் வேண்டாம்னு சொல்ற ஆப்ஷன் இருக்கு, மேக்ஃபைல்ல அதைப் போட்டு மொத்த கெர்னலையும் திரும்ப பில்ட் பண்ணுங்க. மொத்தத்தையும்! ஒரு லைப்ரரியை மட்டும் பழைய மாதிரி விட்டுட்டு திரும்ப எனக்கு எழுதாதீங்க.

கேள்வி: மோனோலித்திக்கா (எல்லாம் ஒரே கெர்னலுக்குள்ள) மைக்ரோ கெர்னலா (டிரைவர் எல்லாம் வெளிய, மெசேஜ் வழியா பேசும்), எது நல்லது?

மினிக்ஸ் எழுதின டேனன்பாமும் லினக்ஸ் எழுதின லினஸ் டோர்வால்ட்ஸும் 1992ல இதுக்கு அடிச்சுக்கிட்டாங்க, இன்னும் முடியல. தனியாளா, ராத்திரி நேரத்துல எழுதறீங்கன்னா மோனோலித்திக்கே போங்க, மெசேஜ் அனுப்பறதை டிபக் பண்ண ஆரம்பிச்சா டிரைவர் எழுத நேரம் இருக்காது. இதுக்கு மேல கேட்காதீங்க.

கேள்வி: எங்க ஓஎஸ்ல கன்சோலுக்கு ஸ்பின்லாக் (கிடைக்கற வரைக்கும் சுத்திக்கிட்டே காத்திருக்க வைக்கற பூட்டு) போட்டோம். ஒரே கோர்தான். பிரிண்ட் ஓடிட்டிருக்கும்போது கீயை அழுத்தினா சில சமயம் அப்படியே உறைஞ்சு போயிடுது.

லாக்கை வெச்சிருக்கற கோட் பாதில நிக்குது, கீபோர்டு ஹேண்ட்லர் வந்து அதே லாக்கைக் கேட்குது, வெச்சிருக்கறவன் ஓடினாதான் லாக் கிடைக்கும், ஹேண்ட்லர் முடிஞ்சாதான் அவன் ஓட முடியும். கிணத்துல விழுந்தவன் மேல இருக்கற கயிறையே எட்டிப் பார்த்துட்டு இருக்கற கதைதான். லாக் எடுக்கறதுக்கு முன்னாடி அந்த கோர்ல இன்டரப்ட்டை ஆஃப் பண்ணுங்க, விட்டதும் ஆன் பண்ணுங்க. ஆனா ரெண்டு லாக் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருந்தா, உள்ளதை விட்ட உடனே ஆன் பண்ணிட்டா வெளிய இருக்கறது மாட்டிக்கும், அதனால எத்தனை லாக் எடுத்திருக்கோம்னு எண்ணி வெச்சு ஜீரோ ஆனப்பறம்தான் பழைய நிலைக்குத் திருப்பணும். எம்ஐடில பாடம் நடத்தறதுக்குன்னு எழுதின எக்ஸ்வி6 கெர்னல்ல இதைச் சின்னதா அழகா பண்ணியிருக்காங்க, ஒரு சாயங்காலத்துல படிச்சு முடிக்கலாம்.

கேள்வி: ஒரு ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ்ஸுக்கு மெமரியைப் பங்கு போட்டுக் கொடுக்கற அலகேட்டரையே மாத்தி எழுதி பெரிய பேட்ச் அனுப்பினேன். "துண்டு துண்டா அனுப்புங்க"ன்னு திருப்பிட்டாங்க. மனசு விட்டுப்போச்சு.

வேலை பிடிக்கலன்னு திருப்பல, அவங்களால தேட முடியாதுன்னு திருப்பியிருக்காங்க. நாளைக்கு எங்கயோ ஒண்ணு உடைஞ்சா கிட் பைசெக்ட் போட்டு, பாதி பாதியா பிரிச்சுத் தேடுவாங்க, 1000 கமிட் (ஒவ்வொரு தடவை சேர்த்த மாற்றம்) இருந்தாலும் பத்து தடவை பூட் பண்ணிப் பார்த்தா குற்றவாளி கிடைச்சிடும், ஆனா அந்தக் குற்றவாளி உங்க ஒரே கமிட்டா, அதுல ஆயிரக்கணக்கான வரியா இருந்தா கிடைச்சும் என்ன பிரயோஜனம். ஒவ்வொரு துண்டும் தனியா பில்ட் ஆகணும், தனியா பூட் ஆகணும். முதல்ல பழைய அலகேட்டருக்கே டெஸ்ட் எழுதி அனுப்புங்க. க்யூஎமுல, கெர்னல் ஒரு போர்ட்ல எழுதினா எமுலேட்டரே மூடிக்கிட்டு எக்ஸிட் கோட் கொடுக்கற மாதிரி ஒரு டிபக் டிவைஸ் இருக்கு, அதை வெச்சு ஒவ்வொரு கமிட்டையும் தானாவே பூட் பண்ணி பாஸா ஃபெயிலான்னு பார்க்கலாம். அப்படி ஒரு டெஸ்ட்டோட வர்ற புது ஆளை எந்த மெயின்டெய்னரும் விடமாட்டார்.

கேள்வி: க்யூஎமுல அருமையா ஓடுது, நிஜ மெஷின்ல பூட் ஆகி உடனே கிறுக்குத்தனம் பண்ணுது. கெர்னலை மெமரில ஏத்தற பூட்லோடரும் நானே எழுதினதுதான்.

நீங்களே எழுதினதா, அப்ப முதல் சந்தேகம் பிஎஸ்எஸ் மேலதான், அதாவது மதிப்பு கொடுக்காத குளோபல் வேரியபிள் இருக்கற பகுதி மேல. க்யூஎமு புதுசா கிளம்பும்போது மெமரி ஜீரோவா இருக்கும், நிஜ ராம்ல போன ஜென்மத்துக் குப்பை எல்லாம் கிடக்கும். மதிப்பு கொடுக்காம விட்ட குளோபல் வேரியபிள் ஜீரோவா இருக்கும்னு சி சொல்றது உண்மைதான், ஆனா அதை ஜீரோ ஆக்க வேண்டிய ஆள் இங்க நீங்கதான். உள்ள நுழைஞ்சதும் முதல் வேலையா அந்தப் பகுதியைத் துடைங்க. அப்பவும் ஆடினா சீரியல் லாக்கை அனுப்புங்க, ஸ்க்ரீனை ஃபோட்டோ எடுத்து அனுப்பாதீங்க, போன தடவை வந்ததுல பாதிக்கு மேல ட்யூப்லைட்தான் தெரிஞ்சுது.