கிளட்சில் பழி, றப்பரில் குற்றம்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் மொறிஸ் மைனர் என்ற பழைய காரைப் பற்றியவை. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: கியர் பொக்ஸின் வால்பக்கத்தைத் தாங்கும் இரண்டு றப்பர் மவுண்டிங்குகள்.

என்னுடையது 1959ஆம் ஆண்டு மைனர் 1000. முதல் கியரில் எடுக்கும்போது வண்டி முழுக்க உதறுகிறது. கிளட்ச் பிளேற்றை இரண்டு தரம் மாற்றியும் அதே கதை. (சாவகச்சேரி)

மூன்றாவது பிளேற் வாங்க வேண்டாம். மைனரின் கிளட்ச் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்வதல்ல. பெடலிலிருந்து கம்பியும் தண்டுமாகப் போய்த்தான் அதை விலக்குகிறது. பெடலை விடும்போது இஞ்சினும் கியர் பொக்ஸும் ஒரு பக்கம் சரியப் பார்க்கும். நல்ல றப்பர் அதை அடக்கிவிடும். செத்த றப்பரில் கியர் பொக்ஸ் ஆட, அந்த ஆட்டத்தில் கம்பி இழுபட, கிளட்ச் தன்பாட்டில் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும். உதறல் அங்கேதான் பிறக்கிறது.

பொனற்றைத் திறந்து, கைபிறேக்கை இறுக்கி, ஒருவரை உள்ளே இருத்தி, இரண்டாம் கியரில் கிளட்சை மெல்ல விடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். முன்னால் நிற்கவே கூடாது. இஞ்சின் துள்ளினால், அதை நிறுத்திவிட்டு, வண்டியை ஸ்ராண்டில் ஏற்றிக் கீழே படுத்து, பலகைத் துண்டொன்றால் கியர் பொக்ஸை நெம்பிப் பாருங்கள். செத்த றப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து, வாய் திறந்து மூடும். இஞ்சினைத் தாங்கும் முன்பக்க மவுண்டிங்குகளையும் அதே சூட்டோடு பார்த்துவிடுங்கள்.

மாற்றுவதற்கு கியர் பொக்ஸை இறக்க வேண்டுமா? ஒரு பக்கம்தான் கிழிந்திருக்கிறது. (வவுனியா)

இறக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழசென்றால் கியர் பொக்ஸ் கோணலாக உட்காரும். ஜக்குக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில் பலகை வைத்து, பாரம் ஜக்கில் வரும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். அதற்கு மேல் தூக்கினால் சைலன்சர் குழாயும் றேடியேற்றர் ஹோசும் இழுபடும். றப்பர்கள் உட்காரும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றிப் புது றப்பரைப் பூட்டும்போது போல்ற்றுகளைக் கையால் மட்டும் முறுக்குங்கள். ஜக்கை இறக்கி, வண்டியை நாலு தரம் ஆட்டி, கியர் பொக்ஸ் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் நட்டுச் சாவியால் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் றப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

புது றப்பர் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. சாமான் போலியா? (கொழும்பு)

போலியாகவும் இருக்கலாம். முதலில் தொட்டுப் பாருங்கள். ஊதிப் பிசுபிசுத்திருந்தால் அது ஒயில் குடித்த றப்பர். கியர் பொக்ஸின் வால்பக்கத்தில் ஒயிலைத் தடுத்து நிற்கும் சீல் கசிந்தால் ஒயில் நேரே அதன் மேல்தான் வடியும். சீலை மாற்றாமல் றப்பரை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை. கழுவுகிறோம் என்று மண்ணெண்ணெய் துணியால் துடைப்பவர்களும் உண்டு. அதுவும் றப்பரை ஊதவைக்கும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

பழைய ரயரை வெட்டி வைக்கலாமா? (மானிப்பாய்)

வைத்திருக்கிறோம். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது, காபரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மைனர் ஓடிய யாழ்ப்பாணத்தில் ரயர்த் துண்டுதான் மவுண்டிங். வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ரயர் அமுங்காது. இஞ்சின் அதிர்வு அப்படியே தரைத்தகட்டுக்கு ஏறி, கியர் லீவரில் கை வைத்தால் உள்ளங்கை கூசும். இன்று புதிது வாங்க முடிகிறபோது அந்தப் பாடு எதற்கு?

குறுக்குச் சட்டத்தின் போல்ற் சுற்றுகிறது, கழரவில்லை. (திருகோணமலை)

உள்ளே பற்றவைத்திருந்த நட், கறளில் விட்டுப்போயிருக்கிறது. இன்னும் முறுக்கினால் தகடுதான் கிழியும். கம்பளத்தை எடுத்து, நட் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தரைத்தகட்டில் மூன்று பக்கம் வெட்டி மூடிபோல் மடியுங்கள். நட்டை நட்டுச் சாவியால் பிடித்துக் கழற்றி, புதியதைப் பற்றவைத்து, மூடியையும் திரும்ப ஒட்டிவிடலாம். வெல்டிங்குக்கு முன் பற்றறி வயரைக் கழற்ற மறக்க வேண்டாம். மற்றப் போல்ற்றுகளுக்கு முதல்நாள் இரவே கறள் இளக்கும் ஒயில் விட்டு வையுங்கள்.